இடது கால் ஷூ

கோவிச்சுக்கிட்டுத் தூங்குற மகராசனுக்கு,

சோறு குக்கர்ல இருக்கு. பத்து மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார். கால் விரலைக் கழுவி, ஈரம் போகத் துடைச்சு, மருந்து போட்டுத் தளர்வாக் கட்டுங்க.

பந்து விளையாடப் போய்ப் பேத்துக்கிட்ட நகம் வளர்ற வரைக்கும் ஷூ போடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே, உங்க காதுல விழலையா? அப்புறம் ஷூவுல புதுச் சேறு எப்படி? கேட்டா, எதிர் வீட்டுக்காரர் இரவல் வாங்கினாராம்! அவர் பாதம் அதுல பாதிகூட நுழையாது.

இடது ஷூ என் ஆபீஸ் பையில இருக்கு. தேடாதீங்க.

பி.கு: நீங்க தூங்கும்போது கட்டைப் பிரிச்சுப் பார்த்தேன். புது நகம் அரிசி நுனி அளவு எட்டிப் பார்க்குது. என்கிட்டப் பொய் சொல்லுங்க, பரவாயில்லை. அதை மட்டும் நசுக்கிடாதீங்க.