நில அதிர்வு, காற்று அதிர்வு

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து சாரல். அபியின் துணி ஒன்றும் காயவில்லை. எல்லாம் அடுப்புக்கு மேலே கொடியில்.

கல்லூரித் தோழி ஷீலா அனுப்பிய வேலை: சுரங்கம், குவாரிச் சொற்களுக்குத் தமிழ். எதிரே ஒரு வரி விளக்கம் கொடுத்திருக்கிறாள். படித்த இயற்பியல் இப்போதாவது உதவட்டும்.

ஓவர்பர்டன் — மேல்மண். பாறைக்கு மேலே கிடக்கும் மண்ணைச் சுமை என்றவன் மரச்சீனிக் கிழங்கு நட்டவனாக இருக்க முடியாது.
டெய்லிங்ஸ் — கழிவுச் சேறு.
ஃப்ளை ராக் — ?

வெடி வைத்தால் தெறித்து வந்து விழும் கல். மாமியாரிடம் கேட்டேன். "இதுக்கு இங்க என்ன சொல்லுவீங்க மாமி?"

"போன மாசம் நம்ம ஓடு ஒடஞ்சுதே, அந்தக் கல்லா? சனியன்னு எழுது."

தெறிகல் என்று போட்டேன்.

இன்றும் நான் கூப்பிட்டதற்கு அபி திரும்பவில்லை. ஒரு வயது ஆகப்போகிறது. 'ம்மா' கூட இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

கொஞ்சம் வெயில். மதியம் பின்பக்கக் குவாரியில் எச்சரிக்கைச் சங்கு, பிறகு வெடி. தரையில் உட்கார்ந்து கிண்ணம் தட்டிக்கொண்டிருந்த அபி துள்ளி விழுந்து அழுதான்.

மாமிக்கு வெற்றி. "கண்டியா? காது கேக்காத பிள்ள இப்பிடித் துள்ளுமா? ஏட்டி, எனக்க மொவனும் மூணு வயசு வர வாயத் தொறக்கல்ல. இப்ப ஃபோன வைக்கச் சொன்னா வைக்குதானா?"

மஸ்கட்டிலிருந்து அந்த மகனும் அதையே. "வெடிக்குத் துள்ளுதாம்லா? பின்ன என்ன மக்கா? சும்மா கெடந்து ஒறங்கு."

நிம்மதிதான். பாத்திரம் கழுவி முடிக்கும்வரை.

சங்குக்கு ஏன் திரும்பவில்லை?

ஜூன் 12, வியாழன்

மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது. வாங்க வேண்டியது: மிளகாய்ப் பொடி, சோப்பு, அபிக்கு பிஸ்கட்.

பட்டியலில் பாதி தாண்டியாச்சு.

மிஸ்ஃபயர் — வெடிக்காத வெடி.
கிரவுண்ட் வைப்ரேஷன் — நில அதிர்வு.
ஏர் பிளாஸ்ட் — காற்று அதிர்வு.

ஷீலாவின் விளக்கம்: ஒரே வெடிதான். ஒன்று பாறை வழியே, தரை வழியே வரும். மற்றது காற்று வழியே, சற்றுப் பிந்தி. இரண்டையும் தனித்தனியே அளப்பார்கள்.

தனித்தனியே.

அபி எப்போதும் தரையில்தான் இருக்கிறான்.

அதற்கு மேல் ஒரு சொல்லும் ஓடவில்லை.

ஜூன் 13, வெள்ளி

வானம் மூடிக் கிடக்கிறது. மழை இல்லை. அப்படியானால் வெடி உண்டு.

மதியத்துக்கு முன்பே உத்திரத்தில் பழைய சேலைத் தொட்டிலைக் கட்டினேன். "பிடிச்சு நடக்குத பிள்ளைக்கு இனி எதுக்குட்டி தொட்டில்?" "சும்மா மாமி." அபிக்கு ஒரே சிரிப்பு. உள்ளே உட்கார்ந்து சேலைக் கரையைச் சப்பினான். நான் தொடாமல் பின்னால் நின்றேன்.

சங்கு. சப்பிக்கொண்டிருந்தான்.

வெடி. என் உள்ளங்காலில் தரை நடுங்கியது. அலமாரியில் டம்ளர்கள் கிலுங்கின. பக்கத்து வீட்டு நாய் குரைத்துத் தீர்த்தது.

சப்பிக்கொண்டே இருந்தான்.

மாமி அடுக்களை வாசலில் நின்று எல்லாம் பார்த்திருக்கிறார். வந்து அவன் தலைக்குப் பின்னால் கைதட்டினார். "மக்களே... அபி... ஏலே அபி..." சத்தம் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றது.

"குழித்துறையில காதுக்கு ஒரு டாக்டர் உண்டும்லா. நாளைக்குக் காலத்த மொத பஸ்சுக்குப் போவோம்."

பையில்: குடை, மாற்றுத்துணி, தடுப்பூசி அட்டை. கிண்ணம் மறக்கக்கூடாது. தட்டும்போது அது அவன் கைக்குத் தெரிகிறது.