பலாக்கொட்டை மா பற்றிய ஒரு கருதுகோள்

கொட்டாஞ்சேனை
06.05.2024

அன்புள்ள மஹ்ரூப் நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மதினிக்கு மூட்டுவலி குறைந்ததா? என் பலாக்கொட்டை மா நன்றாகப் போகிறது. ஜிந்துப்பிட்டி ஹோட்டல்காரர் தியாகராசா புட்டுக்கு வாரந்தோறும் வாங்குகிறார். அறை வாடகை அதில்தான் போகிறது. நன்றாகக் காய்ந்த மா ஆறு மாதம் கெடாது; மழைக்காலத்தில் மட்டும் கொட்டை காயாமல் பூஞ்சணம் பிடிக்கிறது.

சிறுதொழில்களுக்கு அரசாங்கம் விவசாய ஆராய்ச்சி மானியம் தருகிறதாமே. ஊருக்கெல்லாம் விண்ணப்பம் எழுதுகிறீர்கள். எனக்கும் ஒன்று எழுதித் தாருங்கள். வேண்டியது ஓர் உலர்த்தி மட்டும்தான்.

தங்கை
பர்ஹா

வெள்ளவத்தை
14.05.2024

அன்புத் தங்கைக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

மதினி நடக்கிறாள். கோபம் வந்தால் வேகமாகவே நடக்கிறாள்.

வரைவை இணைத்திருக்கிறேன். 'உலர்த்தி'யை எடுத்துவிட்டேன். அது சாமான் கேட்பது, ஆராய்ச்சி ஆகாது. ஈரத்தைக் கட்டுப்படுத்துவதை 'ஈரப்பத முகாமை' என்று போட்டிருக்கிறேன். மா ஆறு மாதம் கெடாது என்று எழுதியிருந்தாய். தெரிந்த விஷயத்தை ஆராய யார் மானியம் தருவார்கள்? 'கெடாதிருக்கக்கூடும் எனக் கருதப்படுகிறது' என்று திருத்தினேன்.

ஏற்கெனவே சந்தையில் உள்ள பொருளுக்கு மானியம் இல்லை. ஆகவே அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை விற்பனையை நிறுத்து. ஒரு மாதம்தான். உனக்குக் கெடுதலானதைச் சொல்வேனா?

நானா
மஹ்ரூப்

கொட்டாஞ்சேனை
02.06.2024

அன்பு நானா,

நிறுத்திவிட்டேன். தியாகராசா வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்ன தங்கச்சி, என்னோட கோவமா? நான் புட்டுக்கு எங்க போவேன்?"

"ஆராய்ச்சி நடக்குது அண்ணன்."

"தின்னுட்டு ஒருத்தரும் சாகலியே. பொறகு என்ன ஆராய்ச்சி?"

இதற்குப் பதில் உங்களுக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் இருக்கிறேன்.

பர்ஹா

வெள்ளவத்தை
20.08.2024

அன்புத் தங்கைக்கு,

அதிகாரிகளுக்கு வாகனம் இல்லையாம். பொறு. விண்ணப்பத்தை வாசித்தவர்கள் மொழிநடையைப் பாராட்டினார்கள். இந்த நேரத்தில் ஒரு பொதி விற்றாலும் நாம் பொய் சொன்னவர்கள் ஆகிவிடுவோம்.

மஹ்ரூப்

கொட்டாஞ்சேனை
21.11.2024

நானா,

அதிகாரிகள் நேற்று வந்தார்கள். யாருக்கும் விற்கிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். நீங்கள் சொல்லித்தந்த பதில்தான். அவர்கள் வந்தபோது அது உண்மையாகவும் இருந்தது.

நுகேகொடையிலிருந்து யாரோ இப்போது ஹோட்டலுக்குப் பைக்கற்றில் மா கொடுக்கிறார்கள். போன வாரம் நானே போய்க் கேட்டேன். தியாகராசா என் முகத்தைப் பார்க்காமல், "அவங்க இடையில நிப்பாட்டுறதில்ல தங்கச்சி" என்றார்.

வாடகை பாக்கிக்காக அறையை இம்மாதத்தோடு விடச் சொல்கிறார்கள் என்று தொலைபேசியிலும் சொன்னேன். எங்கே போவாய் என்று இதுவரை நீங்கள் கேட்கவில்லை. இங்கே நல்ல மழை. காயவைக்க ஒன்றுமில்லை.

பர்ஹா

வெள்ளவத்தை
17.02.2025

அன்புத் தங்கைக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கிடைத்துவிட்டது! பலாக்கொட்டை மாவை வாங்க எவரேனும் உண்டா என்று ஆராய, முதற்கட்டமாக உனக்கு நிதி ஒதுக்கியிருக்கிறார்கள். ஈரப்பத முகாமை இரண்டாம் கட்டத்தில் பரிசீலிக்கப்படும்.

நல்ல செய்தியோடு எழுதலாம் என்றுதான் உன் நவம்பர் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருந்தேன்.

ஒப்பந்தத்தில் நீ கையொப்பமிட வேண்டும். உன் தொலைபேசி வேலை செய்யவில்லை. நேற்று நேரில் வந்தேன். ரொஷேல் என்றொரு பெண் கதவைத் திறந்தாள். அந்த அறையில் இப்போது அவள்தான் இருக்கிறாளாம்.

"அவங்க போயிட்டாங்க அங்கிள். எங்கயெண்டு ஆருக்கும் சொல்ல வேணாமாம்."

"நான் அவளுடைய நானா" என்றேன்.

"ஓம், நானா வந்தாலும் சொல்ல வேணாமெண்டுதான் சொன்னவங்க."

விண்ணப்பத்தில் இருப்பது இந்த முகவரி. ஆகவே இதற்கே எழுதுகிறேன்.

நானா
மஹ்ரூப்