கோட்டில் உட்காராத புள்ளிகள்

அன்புள்ள உனக்கு,

சுவா சூ காங்கில் நீ தனியாகக் குடிபோன வீடு பழகிவிட்டதா? நம் மகள் ஜெனிவீவைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இயற்பியல் பாடத்துக்காக, சூடான காப்பி எப்படி ஆறுகிறது என்று அளந்து பார்த்தாள். வரைபடத்தில் அளவுகள் சமன்பாடு காட்டிய கோட்டுக்குக் கீழே போயின. அவற்றை மாற்றி எழுதிக் கோட்டின் மேல் உட்கார வைத்துவிட்டாள். கேட்டால், “இப்படி இருந்தாத்தான் மார்க் வரும்மா” என்கிறாள்.

எனக்குத் தேக்கா சந்தையின் தேநீர்க் கடை நினைவுக்கு வந்தது. கல்லூரிப் பைகளோடு நாம் இருவரும் தேநீரில் வெப்பமானியை விட்டு உட்கார்ந்திருந்தோம். “என்ன தம்பி, டீக்குக் காய்ச்சலா? குடிங்க லா!” என்று கடைக்கார அக்கா கிண்டல் செய்தார். நம் புள்ளிகளும் கோட்டை விட்டு இறங்கின. நான் ரப்பரை எடுத்ததும் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

“பாயிண்ட அழிக்காத. ஈக்குவேஷன்லதான் எதையோ விட்டுட்டோம்.”

பிறகு அண்ணாந்து பார்த்துச் சிரித்தாய். தலைக்கு மேல் சுழன்ற மின்விசிறியை நாம் கணக்கில் சேர்க்கவே இல்லை. சிரித்து முடித்த பிறகும் நீ கையை விடவில்லை.

இதையெல்லாம் நான் சொன்னால் அவளுக்குத் திட்டுவது போலிருக்கிறது. நீ சொன்னால் கேட்பாள். திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும், சனிக்கிழமை வா.

நீ வருவாய் என்று அவளிடம் சொன்னேன். “அப்பா வரமாட்டாரும்மா. எத்தனை சனிக்கிழமை பாத்துட்டேன்” என்றாள், தலை நிமிராமல்.

அவள் கணிப்பு தப்பாகட்டும். மூவருக்கும் சமைத்து வைக்கிறேன்.

பிடோக்கிலிருந்து,
உன் மகளின் அம்மா