இரண்டு நாட்டு அன்பளிப்பும் என் பழைய டெம்போவும்

பாதௌ மாதம் 6
காத்மாண்டுவுக்கு விடிவுகாலம் வந்துவிட்டது. வடக்கு நாடு பன்னிரண்டு மின்சாரப் பேருந்துகளை அன்பளிப்பாகத் தந்திருக்கிறது. தூதர் கத்தரிக்கோலைப் பிடித்தார். அமைச்சர் தூதரைப் பிடித்தார். பெரிய வண்டி லைசென்ஸ் வாங்கிய ஒரே டெம்போக்காரி என்று என்னையும் ஓரமாக நிறுத்திப் படம் எடுத்தார்கள்.

பிறகு டிப்போ மேலாளர் ரெக்மி சார், "தில்மாயா, இனி நீ பஸ் டிரைவர். அந்த ஓட்டை டெம்போவ ஒப்படைச்சிடு. ரெண்டு ஸ்டீயரிங் பிடிக்க உனக்கென்ன நாலு கையா?" என்றார்.

பதினெட்டு வருஷம் என்னையும் என் இரண்டு மகள்களையும் காப்பாற்றிய, ஆள் ஏற்றும் மூன்று சக்கர வண்டி. அதுவும் மின்சாரத்தில் ஓடுவதுதான். ஆனால் அதற்கு யாரும் ரிப்பன் வெட்டியதில்லை. கையெழுத்துப் போட்டேன். நம்பர் பலகையைக் கழற்றிக்கொண்டார்கள்.

பாதௌ 9
தெற்கு நாடு சும்மா இருக்குமா? பெரியம்மா பட்டுப்பாவாடை எடுத்துக் கொடுத்தால் சித்தி கொலுசாவது போட வேண்டாமா? சார்ஜ் ஏற்றும் நிலையம் அன்பளிப்பு. மறுபடி ரிப்பன். அதே கத்தரிக்கோல்.

பாதௌ 10
பிளக் பொருந்தவில்லை.

பாதௌ 11
நேற்று அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. பேருந்தின் வாய் ஒரு மாதிரி, சார்ஜ் குழாயின் மூக்கு வேறு மாதிரி. மெக்கானிக் ஆஷாகாஜி அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

"நடுவுல மாட்ட ஒரு துண்டு இருக்கு. உள்ளங்கை அகலம்தான். மாட்டினா வாரண்டி போயிடும்னு ரெண்டு பக்கமும் மிரட்டுறாங்க. ரெண்டு தூதரகமும் சம்மதக் கடிதம் தரணுமாம்."

"யாரு மொதல்ல தரணும்?"

"அதுக்குத்தான் பேச்சுவார்த்தை நடக்குது."

பாதௌ 28
தினமும் காலை ஆறு மணிக்குப் போய் ஸ்டீயரிங்கைத் துடைக்கிறேன். வண்டி ஓடினால்தான் சம்பளமாம். அரிசி டப்பாவில் அடி தெரிகிறது. சின்னவளுக்கு வாய் நீளம்: "அம்மா, இன்னிக்கு உன் பஸ் எவ்ளோ தூரம் போச்சு?"

டெம்போவை ஏன் கொடுத்தேன்? படத்தில் நின்ற பெருமையா? போடி புத்தி கெட்டவளே.

அசோஜ் மாதம் 8
யாரோ தலைவர் ஏதோ பேசிவிட்டாராம். தெற்கு எல்லையில் பெட்ரோல், டீசல் லாரிகள் நிற்கின்றன. பகை எதுவும் இல்லையாம், 'தொழில்நுட்பக் காரணம்'தானாம். ஊரே நடக்கிறது. மழை முடிந்து அணைகள் ததும்புகின்றன, மின்சாரத்துக்குப் பஞ்சமே இல்லை. பன்னிரண்டு பேருந்தும் தார்ப்பாய் போர்த்தித் தூங்குகின்றன.

அசோஜ் 11
ஆஷாகாஜி அண்ணனும் நானும் பழைய வண்டிக் கிடங்குக்குப் போனோம். இருந்தது! கூரைமேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. உன்ன இப்படிப் போட்டுட்டுப் போயிட்டேனேடி — அழுதுவிட்டேன், வெட்கமாவது ஒன்றாவது.

காவலாளி கதவைத் திறந்துவிட்டார். "எடுத்துட்டுப் போங்கக்கா. எங்கம்மா ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போறாங்க."

டெம்போ சங்கத்துக் கொட்டகையில் பழைய பேட்டரிகள் இருந்தன. இரவெல்லாம் சார்ஜ் ஏறின. எந்தத் தூதரகத்தின் கடிதமும் கேட்கவில்லை.

அசோஜ் 12
லகன்கேலிலிருந்து ரத்னபார்க் வரை பதினான்கு நடை. இடுப்பு ஒடிந்தது. சோறு, பருப்பு, முள்ளங்கி ஊறுகாய். மூவரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

அசோஜ் 26, நவமி
வண்டிகளுக்குப் பலி கொடுக்கும் நாள். டிப்போவில் பன்னிரண்டு பேருந்துக்கும் சேர்த்து ஆடு வெட்டினார்கள், விபத்து நேராமல் இருக்க. நிற்கிற வண்டி எதில் போய் முட்டும்? நான் என் டெம்போவின் முன்சக்கரத்தில் ஆட்டுக்குப் பதில் ஒரு முட்டை உடைத்துவிட்டுக் கிளம்பினேன்.

டிப்போ முக்கில் ஒரு கை நீண்டது. ரெக்மி சார். காருக்குப் பெட்ரோல் இல்லை. கையில் பிரசாதக் கறிப் பை. பன்னிரண்டாவது ஆளாகக் குனிந்து ஏறினார். இரண்டு நிறுத்தம் கழித்துத்தான் அவருக்கு நினைவு வந்தது.

"தில்மாயா, இந்த வண்டிக்கு நம்பர் பலகையே இல்லையே?"

வண்டியை ஓரம் கட்டினேன். "ஆமா சார். இறங்கிக்கிறீங்களா?"

வெளியே வெயிலில் நடந்துகொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார். கறிப் பையை மடியில் ஏற்றி வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம், "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றார்.