வரவேற்புரை: ஐந்து நிமிடம்

பிப்ரவரி 3

அன்புள்ள அப்பாவுக்கு,

எலி எழுதுவது. நலமாக இருக்கிறேன். நீங்கள் இருமலோடு வேலைக்குப் போய்வருவதாகப் பக்கத்து வீட்டு அக்கா போனில் சொன்னார். உங்கள் கடிதத்தில் இருமலைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

கல்யாணத்துக்கு இன்னும் ஏழே வாரம். நம் ஊர் மண்டபம் உறுதியாகிவிட்டது. விழா இரண்டாம் மாடியில், சாப்பாடு நான்காம் மாடியில். நாற்காலி, மைக், பூ எல்லாம் மண்டபத்துக்காரர்கள் பொறுப்பு. நீங்கள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து இருநூற்று நாற்பது பேர்.

மாப்பிள்ளை வீட்டில் எல்லாவற்றுக்கும் நிமிடக் கணக்கு. அவருடைய அம்மா முப்பது வருடம் நர்ஸாக இருந்தவர் அல்லவா, நிகழ்ச்சி நிரலைக் கூட மருந்துச் சீட்டு மாதிரி எழுதிக் கொடுத்திருக்கிறார். பதினொன்றரைக்குப் பெண்ணின் அப்பா வரவேற்புரை, ஐந்து நிமிடம் என்று அதில் இருந்தது. அதைச் சித்தப்பாவிடம் ஒப்படைத்துவிட்டேன். அன்று உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும்.

இன்னொன்று. அவர் வீட்டிலிருந்து போன் வந்தால் நீங்கள் எடுக்க வேண்டாம். எதுவானாலும் நான் பேசிக்கொள்கிறேன்.

உங்கள்
எலி

பிப்ரவரி 9

என் எலிக்கு,

இருமல் போய்விட்டது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு உளவுத் துறையில் வேலை கிடைத்திருக்கிறது போல.

மண்டபம் போனேன். மேனேஜர் மேடையையும் விளக்கையும் காட்டக் கூப்பிட்டார். நான் நேராக லிஃப்டுக்குப் போனேன். முப்பத்திரண்டு வருட மெக்கானிக் புத்தி வேறெங்கே போகும். எட்டுப் பேர் ஏறலாம். போய்வர இரண்டு நிமிடம். இருநூற்று நாற்பது பேருக்கு முப்பது நடை, ஒரு மணி நேரம். கடைசி எட்டுப் பேர் மேலே வருவதற்குள் முதல் எட்டுப் பேருக்கு மறுபடி பசித்துவிடும். ஆகவே முழங்கால் வலிக்காரர்கள் மட்டும் லிஃப்டில், மற்றவர்கள் படியில். யார் யாருக்கு வலி என்று ஒரு பட்டியல் அனுப்பு. கதவு சரியாக மூடவில்லை. அடியில் சேர்ந்திருந்த குப்பையை எடுத்துவிட்டு வந்தேன். மேனேஜர் ஏதோ கேட்டார். நான் பதிலை ஆரம்பிப்பதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது.

சித்தப்பாவே பேசட்டும். இன்ஷூரன்ஸ் விற்ற வாய். மைக்கைத் திரும்ப வாங்க மட்டும் இரண்டு ஆள் போட்டுவை. திக்குவாயன் நான் ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாடு ராத்திரிச் சாப்பாடாகிவிடும்.

அன்புடன்
அப்பா

பிப்ரவரி 17

அன்புள்ள அப்பாவுக்கு,

பட்டியல் இணைத்திருக்கிறேன். நம் பக்கம் பதினான்கு முழங்கால்காரர்கள், அவர்கள் பக்கம் இருபத்தொன்று. அதில் ஒருவருக்கு வலி கிடையாது, சோம்பல்தான். அவருக்கும் இடம் ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மனஸ்தாபம் வரும்.

போட்டோக்காரர் இரண்டு பேர் வருகிறார்கள். வண்டி ஒன்பதரைக்கு நம் வீட்டு வாசலுக்கு வரும். உங்களுக்குச் சட்டை தைக்க அளவு அனுப்புங்கள். கழுத்து வரை மூடிய காலர் வைத்துத் தைக்கச் சொல்கிறேன். அது உங்களுக்கு எடுப்பாக இருக்கும்.

அதிக வேலை, இத்துடன் முடிக்கிறேன்.

எலி

மார்ச் 1

என் எலிக்கு,

நேற்று ஒரு பார்சல் வந்தது. சாம்பல் நிறக் கம்பளி மப்ளர், கையால் பின்னியது. கூடவே சம்பந்தியம்மாவின் கடிதம். அவர் எழுதியதை அப்படியே எழுதுகிறேன்: “தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு கழுத்தில் குளிர் காற்று படக் கூடாது. டாக்டர் உங்களைப் பேசக் கூடாதென்று சொல்லியிருப்பதாக உங்கள் பெண் சொன்னாள். எங்களுக்காகச் சிரமப்பட்டு ஒரு வார்த்தை கூடப் பேச வேண்டாம். நீங்கள் வந்து நின்றாலே எங்களுக்கு நிறைவு.”

இரண்டு தடவை படித்தேன். காலர் ஏன் கழுத்து வரை என்பது அப்போதுதான் புரிந்தது.

கோபம் இல்லை எலி. அந்த அம்மாவுக்கு நன்றி எழுதிப் போட்டுவிட்டேன், ஆபரேஷனைப் பற்றி மூச்சு விடவில்லை. எந்த மாதம் நடந்தது, எந்தப் பக்கம் தையல் என்று மட்டும் எழுதி அனுப்பு. அவர் நர்ஸ், கேட்டுவிட்டால் என்ன செய்வது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று ஆன பிறகு, இரண்டு பேரும் ஒரே தட்டில் மறைக்க வேண்டும் அல்லவா.

நீ நாலாம் வகுப்பு படித்தபோது மறந்துவிட்டுப் போன டிபன் பெட்டியைக் கொண்டுவந்தேன். வகுப்பு வாசலில் நின்று உன் பெயரைச் சொல்லப் பார்த்தேன், வரவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் யார் இவர் என்று கேட்டார். “பக்கத்து வீட்டு மாமா, டீச்சர்” என்றாய். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். ஒன்பது வயதுப் பிள்ளை, அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

எனக்கு வெட்கம் வேறு இடத்தில். அம்மா இருந்தவரை எனக்கு வாய் அவள்தான். அவள் போனபோது உனக்கு ஆறு வயது. அடுத்த மாதமே டிக்கெட் கவுண்டரில் உன்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன், நீ பேசினாய். டாக்டரிடம் என் வயிற்று வலியை நீ சொன்னாய். வீட்டுக்காரரிடம் குழாய் ஒழுகுகிறதென்று நீ சண்டை போட்டாய். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று எல்லோரும் மெச்சினார்கள், நானும் பெருமைப்பட்டேன். ஆறு வயதுக் குழந்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவன் நான். இருபத்தேழு வயதில் அவள் என்னை ஒளித்துவைத்தால் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை.

சிரிக்காதே, ஒன்று சொல்கிறேன். கல்யாணம் முடிவான அன்றே எட்டு வரி எழுதி வைத்திருந்தேன். மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் அறைக்குள் நின்று தினமும் சொல்லிப் பார்ப்பேன். மோட்டார் சத்தத்தில் எனக்கே கேட்காது, அதனால் நன்றாக வரும். காகிதம் கருவிப் பெட்டியில் இருக்கிறது. இருக்கட்டும்.

சட்டை அளவு தனியே எழுதியிருக்கிறேன். காலர் உன் இஷ்டம்.

அப்பா

மார்ச் 8

அப்பா,

ஐந்து தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அந்த டிபன் பெட்டி சம்பவத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அன்று பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நீங்கள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன்.

ஜனவரியில் நான் வீட்டுக்கு வந்திருந்தபோது அவருடைய அம்மா, அத்தை, முதல்முறையாகப் போன் செய்தார். நீங்கள் எடுத்து வணக்கம் சொல்ல ஆரம்பித்தீர்கள். அது பாதியில் நின்றது. அந்தப் பக்கம் ஹலோ, ஹலோ என்று கேட்டது. உங்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். தொண்டை ஆபரேஷன் என்று நான் யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. நாள் முழுக்கப் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து யார் யாருக்காகவோ போனில் சமாதானம் சொல்கிற வாய்தானே. ஆனால் அடுத்த நாளே திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. இதை எழுதும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சனிக்கிழமை முதலில் அவரிடம் சொன்னேன். “எங்கிட்டயும் சேத்துத்தான் பொய் சொன்னியா?” என்றார். திட்டியிருந்தால் தேவலை. பிறகு அத்தையிடம் போனேன். கூடத்தில் மாமாவும் நாத்தனாரும் இருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல நினைத்தேன், அதுவும் ஒளிப்பதுதான் என்று தோன்றியது. எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பதை நிறுத்தவில்லை. “திக்குவாய்க்கா இவ்வளவு பெரிய ஆபரேஷன் பண்ணினே? எத்தனை பேரைப் பாத்திருக்கேன் நான். அந்த மனுஷன் மப்ளரைக் கையில வாங்கினப்போ என்ன நெனச்சிருப்பாரு? அதை நெனச்சாத்தான் எனக்குக் கூசுது” என்றார். பிறகு மெதுவாக, “நீ அவர் முகத்துல எப்படிம்மா முழிக்கப் போறே?” என்றார். எனக்குத் தெரியவில்லை அப்பா. இன்னும் தெரியவில்லை.

சித்தப்பாவிடமும் சொல்லிவிட்டேன். நாலு ஜோக் தயார் செய்து வைத்திருந்தாராம், வருத்தம்.

புதிய நிகழ்ச்சி நிரலை இணைத்திருக்கிறேன். பதினொன்றரை, வரவேற்புரை, பெண்ணின் அப்பா. பக்கத்தில் ‘ஐந்து நிமிடம்’ என்று இருந்ததை அத்தையே பேனாவால் அடித்துவிட்டார். வேறு நேரம் எழுதவில்லை. நீங்கள் மாட்டேன் என்றால் அது எனக்கு வேண்டியதுதான். கேட்க எனக்கு முகம் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். நீங்கள் பேச வேண்டும் அப்பா.

சட்டைக்குச் சாதாரணக் காலர் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு
உங்கள் மகள்

மார்ச் 15

என் எலிக்கு,

கடைசியில் ‘மகள்’ என்று யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எலி எங்கே போயிற்று.

உன் கடிதத்தை நாலு நாள் கருவிப் பெட்டியில் அந்த எட்டு வரியோடு வைத்திருந்தேன். கோபம் இல்லை என்று போன கடிதத்தில் எழுதினேன் அல்லவா, அது உன் ஆபரேஷன் மாதிரித்தான். கோபம் இருந்தது. மப்ளரை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இப்போது குறைந்திருக்கிறது. மீதியை நீ வந்த பிறகு நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

நேற்று மண்டபம் போனேன். சமையல்காரரைப் பார்த்து, பன்னிரண்டரைச் சாப்பாட்டை ஒரு மணிக்குத் தள்ளச் சொன்னேன். ஏன் என்றார். “நான் பேசப் போறேன்” என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்து நின்றுகொண்டார். முடித்ததும், “ஒன்றரைன்னே வெச்சுக்கலாம் சார்” என்றார். நல்ல மனிதர். லிஃப்ட் நடையை அதற்கேற்ப மாற்றி எழுதிவிட்டேன். முழங்கால்காரர்கள் ஒன்றே காலுக்கு ஏறத் தொடங்கட்டும்.

மப்ளரைக் கட்டிக்கொண்டு வருவேன். அந்த அம்மா மெனக்கெட்டுப் பின்னியது.

அந்த எட்டு வரியில் எனக்கு வராத எழுத்தையெல்லாம் ஒதுக்கி ஒதுக்கி எழுதியிருந்தேன். அதனால் உன் பெயரே அதில் இல்லை. அம்மா ஆசைப்பட்டு வைத்த பெயர், முதல் எழுத்திலேயே என்னை நிறுத்திவிடும். எலி என்றால் ஒரே மூச்சில் வரும், இத்தனை வருடம் அப்படியே ஓட்டிவிட்டேன். இப்போது வேறு மாதிரி எழுதிவிட்டேன். முதல் வார்த்தையே உன் பெயர்தான்.

அங்கே நான் நின்றுவிடுவேன். கட்டாயம் நிற்பேன். மண்டபமே உன் முகத்தைப் பார்க்கும். நீ மட்டும் எடுத்துக் கொடுத்துவிடாதே. அது வரும்வரை சும்மா நில்.

அப்பா