பின்னால் நடக்கிற ரோஸ்லின்

செவ்வாய், ஜூலை 8

வெயில். புழுதிக் காற்று. சுண்ணாம்புக் கோடு பத்து நிமிடம்கூட நிற்கவில்லை.

நெட்பால் கோச்சாக எனக்கு ஆறாவது வாரம். தாக்குதல் முறைகள் நான்கு வரைந்து வைத்திருக்கிறேன். அம்புக்குறி, கோணம், எல்லாம் துல்லியம். என் மெக்கானிக்கல் டிப்ளமோவுக்கு இதிலாவது உபயோகம். பிள்ளைகளுக்கு அதில் ஒன்றும் ஏறவில்லை. பந்தோடு ஓடக் கூடாது, மூன்று வினாடிக்குள் எறிய வேண்டும். இந்த விதியெல்லாம் சரியாகச் செய்கிறார்கள். ஆனால் இந்த ரோஸ்லின்! வளையத்தை நோக்கி வருவாள், உடனே எதிராளியைப் பார்த்தபடியே பின்னால் நடப்பாள். கபடிப் பழக்கம்.

"ஏம்மா, இங்க யாரு ஒன்னைய பிடிக்கப் போறா?"

"தெரியும் சார். காலு கேக்க மாட்டேங்குது."

வியாழன்

எச்.எம். மேடம் கூப்பிட்டார். "தம்பி, சனிக்கிழமை மேட்ச்ல ஜெயிச்சா சாயங்கால பீரியட் ஒங்களுக்கு. இல்லைன்னா அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு ஸ்பெஷல் கிளாஸ்." நான் சம்மதிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்திருக்கும்.

வெளியே சேவியர் சார். எங்கள் விளையாட்டு ஆசிரியர், பழைய கபடிக்காரர். "ரோஸ்லின கபடிக்கு எங்கிட்டயே குடுத்துருங்க. இந்தக் குட்டை உருவத்துக்கு எதுக்கு வளையம்?"

முடியாது என்றேன். சத்தம் அதிகம்தான். வருத்தமில்லை.

வாங்க: சுண்ணாம்பு 2 கிலோ, விசில் கயிறு.

வெள்ளி

மேகம். சேவியர் சார் மைதானத்துக்கே வந்துவிட்டார். "இதுல என்ன இருக்கு, நான் தடுக்குறேன், போடச் சொல்லுங்க பாப்போம்." வளையத்தடியில் நின்றார். ரோஸ்லின் வழக்கம்போல அவரைப் பார்த்தபடி பின்வாங்க, அவர் கையை விரித்துக்கொண்டு கூடவே போனார். அவருக்கும் அதே கபடி ரத்தம். அவர் விட்ட இடத்துக்குள் எங்கள் இன்னொரு பிள்ளை தீபா. பந்து. கோல். மூன்று தடவை, மூன்றும் அப்படியே.

"அட, என்னைய இழுத்துட்டுப் போயிட்டாளே!"

ஆறு வாரமாக நான் திருத்தப் பார்த்தது இதையா? நான்கு படத்தையும் கிழித்தேன். புதிய முறை ஒரே வரி: ரோஸ்லின் பின்னால், தீபா உள்ளே.

சனி

ஒரு கோலில் தோல்வி. ஆனால் அந்த ஒரு வரியில் மட்டும் ஏழு கோல். எதிரணி கோச் கடைசிவரை கத்தல்: "அவ பின்னாடி போகாதடி!" தடுக்க நின்றவள் போனாள், ஏழு தடவையும்.

எச்.எம்.: "திங்கள்லேர்ந்து கணக்கு, தம்பி."

"சாயங்காலத்த எடுத்துக்குங்க மேடம். காலையில கிரவுண்டு யாருக்கும் வேணாம்ல?"

குடையை விரித்துக்கொண்டு நடந்தார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

வேனில் பிள்ளைகளிடம்: "திங்கள், ஆறு மணி. லேட்டா வந்தா ரெண்டு ரவுண்டு." எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வர மாட்டார்கள்.

வராவிட்டாலும் நான் போவேன்.

திங்கள்

இரவு மழை. பைக் ஸ்டார்ட் ஆகவில்லை. போய்ச் சேர்ந்தது 6.10.

வேப்பமரத்தடியில் ஆறு சைக்கிள். தீபா மட்டும் இல்லை. அவளுக்கு முதல் பஸ்ஸே ஆறரைக்குத்தான். வளையத்தடியில் சேவியர் சார், செருப்பைக் கழற்றிவிட்டு. ஈர மண்ணில் ரோஸ்லின் குச்சியால் கோடு கிழித்தபடி, பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், பத்து நிமிசம் லேட்டு."

ஓடினேன். இரண்டு ரவுண்டு.