என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை

கியூபெக், சென் சோவேர் பேட்டை
ஏப்ரல் 14

அன்புத் தங்கை ஜிசேலுக்கு,

உன் அண்ணன் ரோசேர் எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளை ரேமண்டும் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

இந்தக் கையெழுத்து உனக்குப் புதிதாக இருக்கும். இதுதான் என்னுடையது. எழுபத்தாறு வயதில் முதல் முறையாக உனக்கு நானே எழுதுகிறேன். மேலே இருக்கும் இரண்டு வரிக்கு ஒரு காலை நேரம் முழுவதும் போயிற்று. காற்புள்ளிகூட நானே வைத்ததுதான்.

நாற்பது வருஷம் உனக்கு வந்த கடிதங்களை நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல உன் அண்ணி அல்தேயா எழுதினாள். அவள் இறந்த பிறகு மேல்மாடி சில்வேன் எழுதினான். பழைய வீட்டுக்காரரின் மகன், இப்போது அவனே வீட்டுக்காரன். அதை என் எழுத்து என்று நீ நினைத்திருப்பாய். நானும் அப்படியே விட்டுவிட்டேன். அப்பா என்னை மரம் வெட்டும் முகாமுக்கு அனுப்பியபோது எனக்குப் பன்னிரண்டு வயது, உனக்கு இரண்டு. பிறகு கன்னியர் மடத்தின் கொதிகலன் அறையில் முப்பத்தொரு வருஷம். அங்கே எண்கள் தெரிந்தால் போதும். என் பெயரை மட்டும் அல்தேயா வரையக் கற்றுக்கொடுத்தாள். வெட்கத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமும்தான்.

போன செப்டம்பர் முதல் பேட்டை மன்றத்தில் வாரம் மூன்று நாள் வகுப்புக்குப் போகிறேன். நதாலி என்று ஒரு பெண் கற்றுக்கொடுக்கிறாள், நம் அக்கா மகள் வயது இருக்கும். கோபமே வராது அவளுக்கு. இப்போதெல்லாம் தெருவில் இறங்கினால் வீடு திரும்ப நேரமாகிறது. எல்லாப் பலகையும் என்னைக் கூப்பிடுகிறது. போன வாரம் பல் டாக்டரின் பலகையை முதல் எழுத்திலிருந்து கடைசிவரை படித்துவிட்டேன். சந்தோஷம் தாங்காமல் உள்ளே போய் வணக்கம் சொன்னேன். எங்கே வலி என்று கேட்டார்கள். எனக்கு வாயில் பல்லே கிடையாது என்று காட்டிவிட்டு வந்தேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஜூலையில் வருகிறோம், கோட்டைக்குள் எங்கே தங்கலாம் என்று கேட்டு மூன்று தாள் அச்செடுத்து அனுப்பியிருந்தாய். உன் கடிதத்தை நதாலி படித்துச் சொன்னாள், ஆனால் அச்சுத் தாள் மூன்றையும் நானே படித்தேன். ஒன்பது நாள் ஆயிற்று.

முதல் தாள், சென் லூயி வாசல் பக்கத்து ஹோட்டல். நல்ல இடம்தான். ஆனால் குதிரை வண்டிகள் அந்த ஜன்னலுக்குக் கீழேதான் வரிசையாக நிற்கும். ஜூலை வெயிலில் குதிரைச் சாணம் என்ன செய்யும் என்று மாப்பிள்ளைக்கு நீயே சொல்.

இரண்டாவது, என் மடம்தான். கன்னியர்கள் போய்விட்டார்கள், இப்போது விருந்தினர் அறைகள். மலிவு என்று நினைத்து இரண்டாம் மாடியை எடுக்காதே. அங்கே குழாய் இரவெல்லாம் இருமும். அதை நான் எத்தனை முறை கழற்றி மாட்டினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

மூன்றாவதுதான் உனக்குப் பிடித்திருக்கிறது என்று பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறாய். 'பழைய கப்பல் தலைவர் ஒருவரின் இல்லம்' என்று ஆரம்பிக்கிறது. கப்பல் என்ற சொல்லைப் படித்து முடித்ததும் எனக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி. 'காலம் தொட்ட கல்சுவர்.' நல்ல சொற்கள் என்று ரசித்துக்கொண்டே போனேன். 'அசல் மரத்தளம்.' அப்புறம் தெருப் பெயர் வந்தது. சென் உர்சுல். அப்புறம் கதவு எண். எண்கள்தான் எனக்கு எப்போதும் தெரியுமே.

ஜிசேல், அது என் வீடு.

நீ இங்கே வந்ததுமில்லை, கடிதம் போடுவதும் எப்போதும் மடத்து முகவரிக்குத்தான், உனக்கு எப்படித் தெரியும்? படத்தைப் பார். நடுவில் இருப்பது அல்தேயாவின் இரும்பு அடுப்பு. அதற்குள் ஒரு பூந்தொட்டியை வைத்திருக்கிறார்கள். அந்த 'அசல் மரத்தளம்' மடத்தில் மிஞ்சிய பலகை. எண்பத்தொன்பதில் நானும் அல்தேயாவும் மண்டியிட்டு அடித்தோம். 'காலம் தொட்ட' சுவர் மார்ச் மாதத்தில் வியர்க்கும், துண்டுகளைச் செருகி வைப்போம். கப்பல் தலைவர் எங்கே இருந்து வந்தான்? அங்கே கொதிகலன்காரன் ஒருவன் இருந்தான். முப்பத்தாறு வருஷம் இருந்தான்.

தாளை மேசைமேல் வைத்துவிட்டு, கோபம் வந்தால் நம் ஊரார் திட்டுகிற வழக்கப்படி, மாதா கோயில் பீடத்துச் சாமான்களை ஒன்றுவிடாமல் பெயர் சொல்லித் திட்டினேன். பாத்திரம், பேழை, அப்பம் எதையும் விடவில்லை. அடுத்த நாள் வகுப்பில் அதையெல்லாம் எப்படி எழுதுவது என்று நதாலியிடம் கேட்டேன். பூசைக்காகக் கேட்கிறேன் என்று நினைத்துப் பலகையில் அழகாக எழுதிக் காட்டினாள்.

நடந்ததைச் சொல்கிறேன். போன வருஷம் மே நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சில்வேன் வந்தான். உனக்குக் கடிதம் எழுதவேண்டும் என்று நான்தான் கூப்பிட்டிருந்தேன். இந்த ஜூலையில் வா, நம் வீட்டிலேயே தங்கு, பெரிய கட்டிலை உங்களுக்கு விரித்து வைக்கிறேன் என்று சொல்லச் சொல்ல எழுதினான். முடித்ததும் இன்னொரு தாளை எடுத்து வைத்தான். "மாமா, வருஷா வருஷம் போடுற கையெழுத்துதான், இங்கே போடுங்க" என்றான்.

நான் பார்க்காமல் போடவில்லை. எனக்கும் ஒரு தந்திரம் உண்டு. வாடகையைப் புதுப்பிக்கும் தாளில் தலைப்பு எந்த இரண்டு எழுத்தில் ஆரம்பிக்கும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதே இரண்டு எழுத்து இருந்தது. போட்டேன். ரத்து செய்வதற்கும் நம் பிரெஞ்சு மொழியில் அதே இரண்டு எழுத்துதான் என்று இந்த ஜனவரியில் அகராதியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மூன்றாவது எழுத்தில்தான் வித்தியாசம். முப்பத்தாறு வருஷ வீடு அந்த மூன்றாவது எழுத்தில் போயிற்று.

ஜூலை முதல் தேதி ஊரே வீடு மாறும் நாள் அல்லவா. தெரு முழுக்க மெத்தையும் குளிர்பெட்டியுமாக நடக்கிறது. என் வாசலிலும் ஒரு வண்டி நின்றது. யாருக்கோ என்று நினைத்து நானே போய் ஓட்டுநருக்குக் காப்பி கொடுத்தேன். அவன் குடித்து முடித்துவிட்டு, "பெரியவரே, முதல்ல கட்டிலை இறக்கவா, அலமாரியை இறக்கவா?" என்றான்.

உன்னிடமிருந்து பதில் இல்லை. நீயும் வரவில்லை. எனக்கு உன்மேலும் கோபம்தான், மறைக்க மாட்டேன்.

ஒன்று புரியவில்லை. முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்திருக்கிறாய். என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை. உனக்கு யார் சொன்னது?

மூன்றாவது தாளுக்கு மட்டும் சம்மதிக்காதே. இது அண்ணன் கேட்டுக்கொள்வது. கடவுள் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

உன் அண்ணன்,
ரோசேர்


மே 19

அன்புத் தங்கை ஜிசேலுக்கு,

உன் பதில் வந்தது. நீ எழுத்துகளைச் சேர்த்து எழுதுவதால் என்னால் படிக்க முடியவில்லை. நதாலி வகுப்பு முடிந்ததும் படித்துச் சொன்னாள். பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "மிச்சத்தையும் படிம்மா, நான் உடைஞ்சுட மாட்டேன்" என்றேன்.

போன வருஷம் மே நான்காம் தேதியிட்டு உனக்கு வந்த கடிதத்தை நீ வரிக்கு வரி எடுத்து எழுதியிருக்கிறாய். முழங்கால் தேய்ந்துவிட்டதாம். என் விருப்பத்தோடுதான் வீட்டை விடுகிறேனாம். கீழ்ப்பேட்டையில் ஒற்றை அறைக்குப் போகிறேனாம். அதனால் நீங்கள் வரவேண்டாமாம், வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் தெம்பு எனக்கு இல்லையாம்.

இதில் ஒரு சொல்லும் நான் சொன்னதில்லை. 'வா' என்றேன். 'வராதே' என்று எழுதிவிட்டு, என் முகத்துக்கு நேரே, "நல்லா எழுதிட்டேன் மாமா, படிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்டு, நான் சொன்னதையே திரும்ப ஒப்பித்தான். அதற்கு நன்றி சொல்லி ஆப்பிள் பணியாரம் கொடுத்தேன். இரண்டு சாப்பிட்டான்.

ஒரு வருஷம் நீ அங்கே அமெரிக்காவில், லூயிஸ்டனில் உட்கார்ந்து, அண்ணன் நம்மை வேண்டாம் என்றுவிட்டான் என்று அழுதிருக்கிறாய். ஒரு வருஷம் நான் இங்கே, தங்கைக்கு ஒரு பதில் எழுதக் கை வரவில்லையே என்று திட்டியிருக்கிறேன். வீட்டைத் திருடியது ஒரு பக்கம். இதை நான் என்னவென்று எழுதுவது? இதற்கான சொல்லை நதாலி இன்னும் கற்றுக்கொடுக்கவில்லை.

அந்தக் கடிதத்தை நதாலியிடம் சொல்லச் சொல்லி, என் கையால் தனித்தனி எழுத்தாக ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு மலைப்படிக்கட்டு ஏறிப் போனேன். எல்லாப் படியும் ஏறினேன். முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை.

கோட்டைக்குள் இப்போது ஒவ்வொரு வாசல் கம்பியிலும் சின்னச் சின்னச் சாவிப் பெட்டிகள் தொங்குகின்றன. எண்ணைத் திருகினால் சாவி விழும். என் வாசலிலும் இரண்டு தொங்குகின்றன. சக்கரப் பெட்டிகளோடு ஒரு குடும்பம் நின்றிருந்தது. பெட்டி திறக்கவில்லை என்று சில்வேனை வரவழைத்திருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும், "வாங்க மாமா, கால் எப்படி இருக்கு?" என்றான்.

"மாமான்னு கூப்பிடாதே. என் தங்கைக்கு என்ன எழுதினே?" என்றேன்.

நீங்கள் சொன்னதைத்தான் எழுதினேன், வயதாகிவிட்டது, மறந்திருப்பீர்கள் என்றான். விருந்தாளிகள் இருக்கிறார்கள், அப்புறம் பேசலாம் என்றான். நான் தாளை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன்.

என் படிப்பு உனக்குத் தெரியாது. ஒவ்வொரு சொல்லையும் முதலில் விரலால் தொட்டு, பிறகு வாயால் சொல்லி, பிறகு சேர்த்துச் சொல்வேன். பாதியில் யாராவது பேசினால் மறுபடி வரியின் முதலிலிருந்து ஆரம்பிப்பேன். அவன் மூன்று தடவை குறுக்கே பேசினான். மூன்று தடவையும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு பேசவில்லை. எதிர்வீட்டு மெத்தைக்காரர் கதவைத் திறந்து வந்து நின்றார். சக்கரப் பெட்டி அம்மாள் அவனிடம், "இந்தத் தாத்தாவும் சுற்றுலாவில சேர்த்தியா?" என்று கேட்டாள். அவன் சாவிப் பெட்டியைத் திருகிக்கொண்டிருந்தான். 'வரவேண்டாம்' என்ற கடைசிச் சொல்லை முடித்துவிட்டு அந்த அம்மாளிடம், "கப்பல் தலைவர் நான்தாம்மா. உள்ளே அடுப்புல பூந்தொட்டி இருக்கும், எடுத்துக் கீழே வச்சிருங்க, அது சோறு ஆக்கின இடம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இனி காரியத்துக்கு வருகிறேன். ஜனவரியில் நான் மனு கொடுத்திருந்த வாடகை வழக்கு மன்றத்துக்கு நதாலி மறுபடி கூட்டிப் போனாள். அங்கே இருந்த அம்மாள் தாளைப் புரட்டிப் பார்த்து, "கையெழுத்து உங்களோடதுதானே? படிச்சுப் பார்த்துட்டுத்தான் போட்டீங்கன்னு அவர் சொல்றாரே" என்றாள். எனக்குப் படிக்கத் தெரியாது என்று அவனுக்குத் தெரியவே தெரியாதாம். அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறான்.

ஜிசேல், உன்னிடம் இருக்கும் அந்தக் கடிதம் அவன் கையால் எழுதியது. என் பெயரில், அவன் கையெழுத்தில், நான் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட அதே தேதியில். படிக்கத் தெரிந்தவனுக்கு அவன் எதற்காகக் கடிதம் எழுதிக் கொடுத்தான் என்று மன்றத்தில் கேட்கட்டும். ஜூன் பதினொன்றாம் தேதி விசாரணை. அதைத் தபாலில் போடாதே. நீயே கொண்டு வா.

கோபத்தில் கிழித்துவிடலாம் என்று பல தடவை நினைத்ததாக எழுதியிருந்தாய். கிழிக்காமல் வைத்திருந்தாயே.

வீடு திரும்பக் கிடைக்குமா, எனக்குத் தெரியாது. மூன்று பேர் உட்கார்ந்து முடிவு சொல்ல இன்னும் பல மாதம் ஆகும் என்கிறார்கள். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவனை அவர்கள் முன்னால் உட்காரவைத்து, அந்தக் கடிதத்தை நானே மெதுவாகப் படிக்கவேண்டும். அதற்காகத் தினமும் பழகுகிறேன். கோபம் வந்தால் எழுத்து குதிக்கிறது. அதனால் சாப்பிட்ட பிறகு பழகுகிறேன்.

மாப்பிள்ளை மூன்றாவது தாளுக்கு முன்பணம் கட்டிவிட்டதாகவும், திருப்பித் தரமாட்டார்கள் என்றும் எழுதியிருந்தாய். போகட்டும். அவனுக்குப் போனதெல்லாம் போகட்டும், நீ போகாதே. எங்கே தங்குவது என்று என்னைத்தானே கேட்டாய். என்னிடம் தங்கு. கோட்டைக்கு வெளியே, மலைக்குக் கீழே, தரைத்தளத்தில் ஒன்றரை அறை. ஜன்னலில் ஆறு தெரியாது, பக்கத்து வீட்டுக் கொடிதான் தெரியும். பெரிய கட்டில் உள்ளே நுழையவில்லை. இருக்கிற கட்டில் உங்களுக்கு, சமையலறையில் நாற்காலி மெத்தைகளை அடுக்கி நான் படுத்துக்கொள்வேன். மாப்பிள்ளை குறட்டை விட்டால் அதையும் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சேர்த்து எழுதும் எழுத்தை அடுத்த மாதம்தான் சொல்லிக்கொடுப்பார்கள். அதுவரை எனக்கு எழுதும்போது எழுத்துகளைத் தனித்தனியாக, பெரிதாக எழுது. நாற்பது வருஷம் உன்னிடம் மறைத்ததற்குத் திட்டுவதானாலும் அப்படியே திட்டு. நதாலி நல்ல பெண்தான். இருந்தாலும் நீ சொல்வதை இனிமேல் இன்னொருவர் வாயால் கேட்க எனக்கு மனமில்லை.

வருவதானால் 'வருகிறேன்' என்று மட்டும் எழுது. அந்தச் சொல் எனக்குப் படிக்கத் தெரியும்.

என்றும் உன் அண்ணன்,
ரோசேர்